உறைக்கு ஒரு கரண்டி மணிச்சத்தம்

பூட்டு விற்றே பேர் வாங்கிய திண்டுக்கல்லில் இருந்துகொண்டு, திருடனுக்குப் பயந்து பூட்டை விட்டுவிட்டு ஒரு மணியை வாங்கி வந்து மாட்டிய முதல் ஆள் என் வீட்டுக்காரர்தான் என்பதால், அதற்குப் பிறகு எங்கள் சந்தில் நடந்த அத்தனைக்கும் அவரே காரணம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அப்படிச் சொன்னால் அவருக்குப் பெருமை வந்துவிடும், அதனால் சொல்ல மாட்டேன். பொருட்காட்சியில் வாங்கினாராம். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், சாவி கொடுத்தால் போதும், உள்ளே ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு காத்திருக்கும், கதவையோ ஜன்னலையோ எவனாவது தள்ளினால் அதன்மேல் சாய்ந்திருக்கிற குட்டிக் கம்பி விலகும், கம்பி விலகினால் சுத்தியல் எழும், சுத்தியல் எழுந்தால் மணி அலறும், மணி அலறினால் திருடன் ஓடுவான் என்று, கடைக்காரன் சொன்னதை ஒரு வார்த்தை சிந்தாமல் கொண்டுவந்து என் அடுப்படியில் ஒப்பித்தார்.

"இந்த ஊர்ல உங்களுக்கு ஒரு பூட்டு கிடைக்கலையா?" என்றேன்.

"பூட்டு வாயைத் திறக்காது தமயந்தி. இது பேசும்ல."

"இந்த வீட்ல பேசறதுக்கு நான் ஒருத்தி பத்தாதா?"

அதை அடுப்படி ஜன்னலில் மாட்டிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போய்விட்டார். ஆண்கள் ஒரு வேலையைச் செய்துவிட்டால் அதன் விளைவு வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலையில், ஒரு அடுப்பில் பாலும் இன்னொரு அடுப்பில் ரசமும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பொங்க நினைத்த வேளையில், பக்கத்து வீட்டு மெஹருன்னிசாவின் பூனை ஜன்னலைத் தள்ளியது. மணி அடித்தது. அடித்து, ஸ்பிரிங் தளர்ந்து, சுத்தியல் ஓய்ந்து தொங்கிய பிறகும் சத்தம் ஓயவில்லை. பல் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நுரையோடு ஓடிவந்து, திருப்புளியால் மணியைக் கழற்றிக் கையில் எடுத்தார். அவர் கையில் மணி சட்டி மூடி மாதிரி ஊமையாக இருந்தது, சத்தமோ ஜன்னல் திண்டிலேயே, தேங்காய் மூடி அளவுக்கு, வெதுவெதுப்பாக, நடுங்கியபடி உட்கார்ந்திருந்தது. அதற்குள் பால் பொங்கிவிட்டது. சிந்தினது எதுவாக இருந்தாலும் முதலில் துடை, அப்புறம் யோசி என்று கான்வென்ட்டில் எங்கள் மதர் பெர்னதெத் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தது நினைவில் இருந்ததால், ஒரு கையால் பாலைத் துடைத்தேன், இன்னொரு கையால் கரித்துணியை வைத்து அந்தச் சத்தத்தையும் வழித்து, காலியாக இருந்த எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவிட்டு, ரசத்தை இறக்கினேன். யோசிக்க நேரம் கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

சாயங்காலம் மெஹர் உறைமோருக்கு வந்தாள். அவள் வீட்டில் தயிர் மீதம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே கிடையாது, மாமனார், மாமியார், வீட்டுக்காரர், பிள்ளைகள், பூனை என்று எல்லோருமாகச் சட்டியை வழித்து நக்கிவிட்டு, உறைக்கு ஒரு சொட்டு இல்லாமல் பாலைக் காய்ச்சி வைத்துக்கொண்டு நிற்பார்கள். நான் டெலிபோனில் என் நாத்தனாரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். சண்டையை விடாமலே, திண்டில் இருந்த இரண்டு தூக்குகளில் கைக்கு எட்டியதைத் திறந்து, ஒரு கரண்டி அள்ளி அவள் கிண்ணத்தில் ஊற்றி அனுப்பினேன்.

விடிந்ததும் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, பால் பாலாவே இருக்குது. ஆனா பாத்திரம் நிறைய இது இருக்குது." மூடியைத் திறந்தாள். மணிச்சத்தம். பாலுக்கு மேலே ஆடை மாதிரி, தளதளவென்று, கரண்டியால் வெட்டினால் வெட்டின இடம் நிற்கிற பதத்தில், நன்றாக உறைந்திருந்தது. என் வீட்டுச் சத்தம் சிடுசிடுவென்று இரண்டே அடி அடித்து நிறுத்திவிடும், இது அப்படி இல்லை, கண்ணாடி வளையல் போட்ட பிள்ளைகள் மாடிப்படியில் ஓடிவருவது போல இருந்தது.

"உங்க மாமனார் பயந்துட்டாகளா?"

"எங்க! பாலுக்காரர் வந்தாரு, அடிச்சுச்சு. அத்தா எந்திரிச்சு உக்காந்து, இனிமே பாலுக்காரருக்காக நான் வாசல்ல காத்துக்கிட்டு இருக்க வேண்டாம், இதுவே கூப்பிடும்னுட்டாக. பாலை என்னக்கா செய்ய?"

"சேமியா போடு. மணிச்சத்தத்தை ஜன்னல்ல வை."

இப்படித்தான் பரவியது. மாவு அரைக்கும் வீட்டில் நாலு பேர் கேட்டார்கள், ரேஷன் கடையில் பத்துப் பேர் கேட்டார்கள், அந்த வாரம் முடிவதற்குள் கிண்ணமும் டம்ளரும் டிபன் டப்பா மூடியுமாக ஆட்கள் வாசலில் வந்து நின்று, உறைக்கு ஒரு கரண்டி, உறைக்கு ஒரு கரண்டி என்று வாங்கிப் போனார்கள், வாங்கிப் போனவர்களிடம் அடுத்த தெருக்காரர்கள் வாங்கினார்கள். சூடான இடத்தில் வைத்து, மூடி, ஒரு ராத்திரி கைபடாமல் விட்டால் போதும், காலையில் பாத்திரம் நிறைந்திருக்கும், அதைக் கதவோரம் ஜன்னலோரம் வைத்துவிட்டால் வீட்டு ஆட்களுக்கு வாய் திறக்காது, வேற்றாள் காலடி பட்டால் அடிக்கும். அந்தந்த வீட்டுத் தயிருக்கு அந்தந்த வீட்டு ருசி இருக்கிற மாதிரி அந்தந்த வீட்டுச் சத்தத்துக்கும் ஒரு ருசி வந்தது. புதுசாகக் கல்யாணமானவர்கள் வீட்டில் அது அடிக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்கு மெதுவாக முனகியது. ஒருவருக்கொருவர் பேச்சில்லாத அண்ணன் தம்பி வீட்டில் புளித்துப்போய், பல் கூசுகிற மாதிரி அடித்தது. எதிர்வீட்டு வனஜாட்சி மதினி வீட்டில், கேட்கவே வேண்டாம், அடிக்க ஆரம்பித்தால் ஒரு பாட்டம் புலம்பித் தீர்த்துவிட்டுத்தான் ஓயும்.

வனஜாட்சி மதினியின் வீட்டுக்காரர் பூட்டு வியாபாரி. அவர் முதல் இரண்டு நாள் என் வாசலைத் தாண்டும்போதெல்லாம் எங்கள் வீட்டைப் பார்த்துக் காறினார், மூன்றாம் நாள் சத்தம் போடாமல் ஒரு கிண்ணம் கடைக்கு எடுத்துப்போய் கல்லாவுக்குக் கீழே வைத்துக்கொண்டார். மதினி அவரைப் போல மறைத்தெல்லாம் செய்ய மாட்டாள், சட்டம் போட்டுத்தான் செய்வாள். விளக்கு வைத்த பிறகு உறை கொடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை கொடுக்கவே கூடாது, கொடுத்தால் கொடுத்த வீட்டில் சத்தம் தங்காது என்றாள்.

"இது என்ன தயிரா மதினி, லட்சுமி போறதுக்கு?"

"நீ கான்வென்ட்ல படிச்சவ, உனக்கு எல்லாம் விளையாட்டு. எங்க வீட்ல வெள்ளிக்கிழமை நாங்க சண்டை கூடப் போட மாட்டோம்."

"அதான் சனிக்கிழமை மொத்தமா போடறீங்க."

நான் வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, வேண்டுமென்றே வாசலில் நின்று கொடுத்தேன். எனக்கு ஒன்றும் குறையவில்லை. ஒருநாள், தெருமுனையில் தயங்கித் தயங்கி நின்ற ஒல்லியான ஆள் ஒருவன் வனஜாட்சி மதினியிடமே வந்து, இந்தப் பக்கமெல்லாம் இனிமேல் தொழில் பார்க்க முடியாது என்று தெரிந்துவிட்டது, போகட்டும், ஆனால் தான் வெளியே போய்விட்டால் வீட்டில் பெண்டாட்டி தனியாகப் பயப்படுகிறாள், அவளுக்கு உறைக்கு ஒரு கரண்டி கிடைக்குமா என்று கேட்டான். மதினி அவனை மேலும் கீழும் பார்த்து, "கிண்ணத்தைத் திருப்பிக் கொண்டாந்து தரணும்" என்று சொல்லிக் கொடுத்தாள். மறுநாள் கொண்டுவந்து தந்தான். வெறும் கிண்ணமாகத் தரக் கூடாதென்று உள்ளே ஒரு கை சர்க்கரை போட்டிருந்தான். வளர்த்த விதம் என்று ஒன்று இருக்கிறதில்லையா.

எல்லோர் வீட்டிலும் உறைந்தது. அமலோற்பவம் அக்கா வீட்டில் மட்டும் உறையவில்லை.

சந்தின் கடைசி வீடு அக்காவுடையது. வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒரே மகள் பெனிட்டாவை வளர்த்துக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தவள். கட்டிக்கொடுப்பதற்கு முந்தின வருஷம் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போன இடத்தில், மகளுக்கென்று சேர்த்த நகையை எவனோ வீட்டை உடைத்து எடுத்துப் போய்விட்டான். அதற்குப் பிறகு, மகள் கல்யாணத்தன்று தவிர, அக்கா இந்தச் சந்தைத் தாண்டியதில்லை. பூசையை டிவியில் பார்ப்பாள். மீன்காரி, காய்காரன், பால்காரன் எல்லோரும் வாசலுக்கு வரவேண்டும். மாங்காய்ப் பூட்டு, தொட்டிப் பூட்டு, குறுக்குக் கம்பி, நாதாங்கி, சங்கிலி என்று ஊரில் எத்தனை விதம் உண்டோ அத்தனையும் அந்தக் கதவில் தொங்கும், அவள் ஒரு டம்ளர் சர்க்கரை கடன் வாங்க என் வீட்டுக்கு வருவதானால் கூட, பூட்டி, இழுத்துப் பார்த்து, பாதி தூரம் வந்து, திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருவதற்குள் எனக்குக் காப்பி ஆறிவிடும்.

பெனிட்டாவுக்கு அது தலைப்பிரசவம். தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும், அக்கா தொட்டில் துணி வரைக்கும் கிழித்து வைத்திருந்தாள். ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கி இருக்கிறது, பஸ்ஸும் கூடாது காரும் கூடாது, கட்டிலை விட்டே இறங்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். மாப்பிள்ளைக்குத் தாயும் இல்லை. மகள் இங்கே வர முடியாது, தாய் அங்கே போயாக வேண்டும். தாயோ கதவை விட்டு நகர மாட்டேன் என்கிறாள்.

பெனிட்டா தினமும் போன் செய்வாள். சில நாள் எனக்கும் செய்வாள்.

"சித்தி, நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க."

"உங்கம்மா கடவுள் சொன்னாலே நாதாங்கியைப் போட்டுட்டுத்தான் கேப்பாங்க."

"எனக்குப் பயமா இருக்கு சித்தி."

போனை வைத்துவிட்டு நேராக அக்கா வீட்டுக்கு ஒரு பெரிய கிண்ணம் நிறைய சத்தத்தைக் கொண்டுபோனேன்.

"இந்தாங்க. உறை ஊத்தி வைங்க. காலையில உறைஞ்சிரும், வீட்டை இது பாத்துக்கும், நீங்க பஸ் ஏறுங்க."

அக்காவின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. "உறைஞ்சிருச்சுன்னா போயிருவேன் தமயந்தி. சத்தியமா. பெட்டி கூட எடுத்து வச்சிட்டேன்."

உறையவில்லை. காலையில் திறந்தால் தண்ணீராக, சலசலவென்று, நாணயத்தைத் துணியில் சுற்றி ஆட்டினாற்போல ஒரு அரைச் சத்தம். அடுத்த நாள் மெஹர் வீட்டிலிருந்து வாங்கினாள், உறையவில்லை. வனஜாட்சி மதினி நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தாள், உறையவில்லை. தெருவே ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. அரிசிப் பானைக்குள் புதைத்து வை என்றார்கள், வைத்தாள். ஹாட்பேக்கில் வை என்றார்கள், கம்பளியைச் சுற்று என்றார்கள், மிளகாய்க் காம்பை நாலு கிள்ளிப் போடு என்றார்கள், எல்லாம் செய்தாள். பாத்திரத்தை வேளாங்கண்ணி மாதா படத்துக்கு முன்னால் வைத்து ஜெபமாலை சொன்னாள், மெஹரின் மாமனார் வந்து ஓதி ஊதினார், மதினி திருஷ்டி சுற்றிப் போட்டாள். மூன்று மதமும் சேர்ந்தும் அந்தச் சத்தம் கெட்டிப்படவில்லை. அங்கே பெனிட்டாவுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது, இங்கே பெட்டி கட்டினபடியே சுவரோரம் நின்றது.

ஒரு நாள் மத்தியானம், அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்திருக்கிறாள் என்று வாசனை சொன்னதால், நான் கிண்ணத்தோடு போய் அவள் அடுப்படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். வாசலில் காற்று அசைந்தால் எழுந்து போய்ப் பூட்டை இழுத்துப் பார்க்கிறாள், திரும்பி வரும் வழியில் பாத்திரத்தின் மூடியைத் திறந்து, லேசாகச் சாய்த்து, உறைந்ததா என்று பார்த்து, மூடுகிறாள். உட்கார்கிறாள். ஒரு வாய் பேசுகிறாள். எழுந்து போகிறாள், பூட்டு, திரும்பி வருகிறாள், மூடி, சாய்ப்பு, பெருமூச்சு. நான் குழம்பை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டு முடிப்பதற்குள் அந்தப் பாத்திரத்துக்கு எத்தனை ஆட்டம்!

"அக்கா! ராத்திரியும் இப்படித்தானா?"

"எப்படி?"

"இந்த ஆட்டு ஆட்டினா எப்படிக்கா உறையும்? பாலை இப்படி ஆட்டினா தயிராகுமா? அதை அது பாட்டுக்கு விடணும். மூடி வச்சிட்டு அந்தப் பக்கமே போகக் கூடாது."

"பாக்காம எப்படி இருக்கறது? உறைஞ்சிருச்சான்னு தெரிய வேண்டாமா?"

"நீங்க வீட்ல இருக்கற வரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருப்பீங்க. ஊருக்குப் போங்க. போனா உறையும்."

"உறைஞ்சாத்தான தமயந்தி போகலாம்?"

"போனாத்தான்க்கா உறையும்!"

"உறையாம எப்படிப் போறது?"

நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன். எனக்குப் பொறுமை குறைவு என்று என் மாமியார் இருந்த காலத்திலேயே ஊருக்குத் தெரியும், இருந்தாலும் அன்றைக்கு அந்த வீட்டில் எந்த மகானுக்கும் பொறுமை தீர்ந்திருக்கும். சந்து முழுக்க இதே பேச்சாகிவிட்டது. போனால் உறையும் என்று ஒரு கட்சி, உறைந்தால் போவாள் என்று ஒரு கட்சி, காய்காரன் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு இரண்டு பக்கமும் பேசினான். அக்கா கம்பிக்குப் பின்னால் நின்றபடி எல்லோருக்கும் தலையை ஆட்டினாள். நாங்கள் சொல்வது அவளுக்குப் புரியாமல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். பெனிட்டாவிடமிருந்து போன் வந்த பிறகு அவள் கண் சிவந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன், பெட்டியில் பிள்ளைக்கான மிட்டாய்க் கலர் குல்லாயைத் தினம் ஒருதரம் எடுத்துப் பார்த்து மடித்து வைப்பதையும் பார்த்திருக்கிறேன். கால் கதவைத் தாண்டவில்லை, அவ்வளவுதான்.

ஆடி மாதம் பிறந்து அம்மன் கோயிலில் மைக்செட் கட்டின அன்று காலையில், அக்கா என் வாசலில் வந்து நின்றாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. கையில் போன், போனுக்குள்ளே பெனிட்டா, "அம்மா" என்ற ஒரு சொல்லை மட்டும் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருந்தாள். நாள் இன்னும் இருக்கிறது, ஆனால் வலி கண்டுவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள்.

"தமயந்தி, கோயம்புத்தூர் பஸ் எங்க நிக்கும்?" என்றாள் அக்கா.

வேறொன்றும் கேட்கவில்லை. நான் குக்கரை அணைத்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன், மெஹர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள், என் செருப்பில் ஒன்றைக் கழற்றி அக்காவின் வெறுங்காலில் மாட்டி ஆட்டோவில் ஏற்றி, பழனி வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்காரவைத்தோம். பஸ் கிளம்பும்போது அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தமயந்தி, கதவு" என்றாள்.

"நான் பாத்துக்கறேன், போங்க!"

திரும்பி வந்து பார்த்தால், கதவு பப்பரப்பே என்று திறந்து கிடந்தது. மாங்காய்ப் பூட்டு படியில், சாவிக்கொத்து பாதையில். வாசலில் இருந்து பார்த்தால் நேராக அடுப்படி தெரிந்தது, அடுப்படித் திண்டில், கம்பளி சுற்றிய பாத்திரம், மூடியபடி இருந்தது.

நான் கதவைச் சாத்தக் கையை நீட்டினேன். வனஜாட்சி மதினி என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஏய், அந்தக் கதவு கிறீச்சுன்னு கத்தி டமார்னு மூடும். இப்பத்தான் அது மொத மொதல்ல ஆடாம இருக்கு. கெடுத்துராத."

சட்டம் போடுகிறவளிடம் எனக்கு ஒத்துப்போகாது, ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது சரி. ஆகவே பூட்டுகளின் ஊரில், பட்டப்பகலில், ஆளில்லாத ஒரு வீட்டைத் திறந்துபோட்டு, அதைச் சாத்தாமல் ஒரு சந்தே காவல் காத்தது. ஆட்டோக்காரர்கள் முனையிலேயே இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். குக்கர் விசில் கூடாது என்று மெஹர் பெரிய சட்டியில் சோறு வடித்தாள், அவள் வீட்டில் அன்றைக்குப் பூனை கூடக் காலை ஊன்றாமல் நடந்தது. மதினியின் வீட்டுக்காரர் கோயிலுக்குப் போய் மைக்செட்டின் வாயை வேறு பக்கம் திருப்பிவிட்டு வந்தார், அம்மனுக்குக் காது நன்றாகக் கேட்கும் என்று சொன்னாராம். சண்டை போட வேண்டியவர்கள் சைகையில் போட்டார்கள். பேச்சில்லாத அண்ணன் தம்பி, யாரும் பேசக் கூடாத நாளில் தாங்கள் மட்டும் தனியாகத் தெரியவில்லையே என்ற ஆறுதலில், ஒரே படியில் உட்கார்ந்து ஒரே பொட்டலத்தில் கடலை தின்றார்கள். நான், வாய் இருந்தும் பேச முடியாமல், கையில் போனை வைத்துக்கொண்டு நடந்துகொண்டே இருந்தேன். கோயம்புத்தூரில் இருந்து தகவல் ஒன்றும் இல்லை. பஸ் போய்ச் சேர்ந்திருக்கும். போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில், யாருக்கும் சொந்தமில்லாத வெள்ளாடு ஒன்று சந்துக்குள் வந்தது. எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க, அது மட்டும் சாவகாசமாக நடந்து, அக்கா வீட்டுப் படியேறி, கதவிடுக்கில் குருத்தோலை ஞாயிறுக்குச் செருகியிருந்த காய்ந்த ஓலையைக் கடித்து இழுத்து, மென்றுகொண்டே வீட்டுக்குள் காலை வைத்தது.

அடித்தது.

அப்பா, அது என்ன சத்தம்! எங்கள் யார் வீட்டிலும் அப்படி உறைந்ததில்லை. என் வீட்டுச் சிடுசிடுப்பு இல்லை, மதினி வீட்டுப் புலம்பல் இல்லை. கல்யாண வீட்டில் இலை போட்டாயிற்று, பாயசம் ஆறுகிறது, இன்னும் ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று பந்திக்குக் கூப்பிடுகிற சத்தம் அது. திருடனை விரட்டுகிற மணியே இல்லை. ஆடு ஓடவில்லை. தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டடி உள்ளே போனது. தெருவே அந்த வாசலுக்கு ஓடியது, அடக்கி வைத்திருந்த பேச்செல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது, உறைஞ்சிருச்சு, உறைஞ்சிருச்சு என்று மெஹர் என் தோளைப் பிடித்துக் குதித்தாள், அந்தக் கூச்சலுக்கு நடுவில் என் கையில் போன் துள்ளியது.

"தமயந்தி! பொம்பளைப் பிள்ளை! அப்படியே பெனிட்டா மூக்கு! தலை நிறைய முடி தமயந்தி, இப்பவே பின்னல் போடலாம். ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. நான் கரெக்டா போய் நின்னேன், என் கையைப் பிடிச்சுக்கிட்டேதான் உள்ள போனா..."

சொல்லிக்கொண்டே போனாள். நர்ஸ் நல்ல பெண், தாராபுரத்துக்காரி. மாப்பிள்ளை அழுதுவிட்டார். காண்டீன் தோசையில் உப்பில்லை. நான் இடம் கிடைக்கக் காத்திருந்து, காத்திருந்து, கடைசியில் குறுக்கே புகுந்தேன்.

"அக்கா, இங்கயும் உறைஞ்சிருச்சு!"

"எது உறைஞ்சிருச்சு?" என்றாள் அமலோற்பவம் அக்கா.

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருதரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டேன். "ஒண்ணும் இல்லக்கா. பிள்ளை அழறதைக் கொஞ்சம் கேக்க விடுங்க."

அக்கா வருவதற்கு மூன்று மாதம் ஆனது. அதுவரை அந்தக் கதவை யாரும் சாத்தவில்லை, இப்போது சாத்தலாம், சாத்தினால் ஒன்றும் கெட்டுவிடாது, இருந்தாலும் கை வரவில்லை. நான் பெருக்கப் போனால் என்னைப் பந்திக்குக் கூப்பிட்டது, மெஹர் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனால் அவளைக் கூப்பிட்டது, அது கூப்பிடுவதைக் கேட்கவென்றே பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் ஒவ்வொருத்தராக ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு ஓடினார்கள். ஒரு குண்டூசி அந்த வீட்டிலிருந்து போகவில்லை. குருத்தோலை போனதுதான், அது ஆட்டுக் கணக்கு.

அவர்கள் வந்த கார் சந்து முனையில் நின்றபோது நாங்கள் எல்லோரும் ஆரத்தித் தட்டோடு தயாராக நின்றோம். பிள்ளை ஒட்டன்சத்திரத்தில் இருந்தே அழுகிறதாம், முகமெல்லாம் சிவந்து, மாப்பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்து, யார் வாங்கினாலும் வளைந்து வளைந்து கத்தியது. மதினி ஆரத்தி சுற்றினாள், பொட்டு வைத்தாள், வலது கால், வலது கால் என்றாள். பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு அமலோற்பவம் அக்கா தன் சொந்த வீட்டுப் படியேறி, சொந்த வாசலைத் தாண்டி, வலது காலை உள்ளே வைத்தாள்.

சந்தே அதிர அடித்தது.

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். எங்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. அது உறைந்த நாளில் அவள் ஊரில் இல்லை. ஆட்டைப் போல, என்னைப் போல, அவளும் அதற்கு வேற்றாள்தான்.

"என்னையவா?" என்றாள் அக்கா, எங்களைத் திரும்பிப் பார்த்து. "என் வீட்ல, என்னையவா?"

அக்காவின் உதடு நடுங்கியது, அழப்போகிறாள் என்று நினைத்து நான் ஒரு அடி எடுத்து வைத்தேன், ஆனால் அந்த நடுக்கம் கன்னத்துக்குப் போய், தோளுக்குப் போய், வயிற்றுக்கு இறங்கி, அவள் நிலைப்படியிலேயே பொத்தென்று உட்கார்ந்து, பிள்ளையை மடியில் கிடத்திக்கொண்டு, கண்ணில் நீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சிரிப்பை நாங்கள் கேட்டதில்லை. "திருடி வந்துட்டேன்டி பெனிட்டா, பிள்ளையத் தூக்கிக்கிட்டு!" என்றாள். பிள்ளை அழுகையை நிறுத்தியது. சத்தம் வந்த திசையைத் தேடி, கண்ணை அகலமாக விரித்து, வாயைப் பிளந்து, முதல் தடவையாக, பொக்கை வாயோடு, க்ளுக்கென்று சிரித்தது.

"அம்மா! இன்னொரு தரம் போயிட்டு வா!" என்று கத்தினாள் பெனிட்டா.

அக்கா எழுந்தாள், வெளியே போனாள், உள்ளே வந்தாள், அடித்தது, பிள்ளை சிரித்தது. போனாள், வந்தாள், அடித்தது, சிரித்தது. மெஹர் சேமியா கிண்டப் போனாள், மதினி மைக்செட்காரனுக்கு ஆள் அனுப்பினாள், மாப்பிள்ளை பெட்டிகளைத் தலையில் வைத்துக்கொண்டு வழி கிடைக்காமல் வெளியிலேயே நின்றார். அக்கா நிறுத்துவதாக இல்லை. தலைமுடி அவிழ்ந்து, சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாசலைத் தாண்டுவதும் வருவதுமாக, இத்தனை வருஷம் தாண்டாத தாண்டலையெல்லாம் அன்றைக்கே தாண்டித் தீர்த்துவிடுகிறவள் போல, போய்ப் போய் வந்தாள்.

வெயில் இறங்கி எல்லோரும் சேமியா சாப்பிடும்போது, நான்தான், ஒரு வேலையைப் பாதியில் விட எனக்குப் பிடிக்காது என்பதால், சொன்னேன். "அக்கா, அதைக் கொட்டிட்டு, நீங்க வீட்ல இருக்கும்போதே புதுசா ஒண்ணு உறை ஊத்திரலாம். என் வீட்ல நல்ல கெட்டியா இருக்கு. ஒரே ராத்திரி. இனிமே நீங்க ஆட்டவா போறீங்க? உங்களை அடையாளம் தெரிஞ்சுக்கும், அப்புறம் நீங்க வந்தா அடிக்காது."

பிள்ளைக்கு விரலைக் கொடுத்து விளையாடிக்கொண்டிருந்த அக்கா, நான் ஏதோ அவள் கழுத்துச் சங்கிலியைக் கேட்டுவிட்டது போல நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கட்டும் தமயந்தி," என்றாள். "நான் வெளிய போயிட்டு வர்றது நாலு பேருக்குத் தெரியட்டும்."